விதர்கோம் பிரபுவும் ஒரு கடதாசிக் கப்பும்

தம்பி, நீ கேட்ட அந்த ஒரு பக்கத்தை நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன் என்பது உண்மை. கல்யாணக் கையேட்டின் நடுப்பக்கத்தில் போடுவதற்கு இரண்டு வீட்டாரின் வரலாறும் சுருக்கமாக வேண்டும், முந்நூறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னாய். "நீங்கள்தானே அம்மா ஹிஸ்டரி படிச்சனீங்கள், உங்களுக்கு இது ஈஸி" என்றாய். முந்நூறு சொல்லில் பொய் சொல்வது எனக்கு உண்மையிலேயே சுலபம்தான். பன்னிரண்டு வருடமாக அதைவிடக் குறைந்த சொற்களில் உனக்கு ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம். உன் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழுக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கும். மெதுவாக வாசி. எமிலிக்கும் சொல்லு. உறையை ஒட்டாமல்தான் தருகிறேன். அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட சொந்தக்காரர் எல்லோரும் இதையும் பார்க்கலாம்.

அந்த மாதிரி அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது. பொன்னெழுத்து. ஒரு பக்கத்தில் எமிலி, 'எட்டாவது விதர்கோம் பிரபு அவர்களின் ஏக புதல்வி'. மறுபக்கத்தில் நீ, 'முதலியார் பரம்பரையின் வழித்தோன்றல்'. அங்கே ஒரு பிரபு இருந்தால் இங்கேயும் ஒருவர் இருக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான் சரி என்றால் அது அச்சுக்குப் போய்விடும். நான் சரி என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பதைப் பிரபுக்களிடமிருந்தே தொடங்குகிறேன். நீ கேட்டதும் அதைத்தானே.

எமிலியின் அப்பா பீற்றரை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேற்கு சிட்னி முழுவதும் ஏசி பூட்டித் திருத்தி, இரண்டு முழங்காலும் தேய்ந்து, குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் ஓய்வாக இருக்கிறவர். குடும்பக் கடதாசிகள் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டதும் கராஜுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் 'கிறிஸ்மஸ் லைட்' என்று எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே கிறிஸ்மஸ் லைட்டே இருந்தது. அதற்குக் கீழே இருநூறு வருடத்துக் கடதாசிகள். அவசரம் ஒன்றுமில்லை, பல்புகளை மட்டும் டிசெம்பருக்கு முன்னால் தந்தால் போதும் என்றார்.

நூலகத்தில் என் வேலையே இதுதான் என்பது உனக்குத் தெரியும். உள்ளூர் வரலாற்று மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் மூதாதையரைத் தேடித்தான் வருகிறார்கள். இந்த ஊரில் கைதியாகக் கப்பலேறி வந்த ஒரு பாட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கண் கலங்கி நன்றி சொல்கிறார்கள். இருநூறு வருடம் போனால் ரொட்டி திருடியவனும் பெருமையாகிவிடுகிறான். படகில் வந்த அகதி பெருமையாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது போல. நான் எந்தப் பரம்பரையையும் நம்பிப் படிக்கிறவள் அல்ல. ஆனால் பீற்றரின் பெட்டியை ஒழுங்காகத்தான் படித்தேன்.

முதலாவது விதர்கோம் பிரபு பிறக்கும்போது பிரபு இல்லை. மாட்டிறைச்சிக்கு உப்புப் போட்டு, பீப்பாயில் அடைத்து, கடற்படைக்கு விற்றவர். போர் நீண்டது, அவர் செழித்தார். பாராளுமன்றத்தில் ஓர் இடத்தை வாங்கிக்கொண்டு ஆட்சியில் இருந்தவர்களுக்கு வேண்டிய நேரமெல்லாம் கையைத் தூக்கினார். கடைசியில் அரசரின் பெயரில் ஒரு பத்திரம் வந்தது. பட்டம் அவருக்கும், அவருடைய உடலில் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கும் உரியது என்று அதில் இருக்கிறது. அந்த வரியின் நகலை நான் மூன்று தரம் வாசித்தேன். மிச்ச வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது. அந்த உடலில் பிறக்க வேண்டும், சட்டப்படி பிறக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். புத்தியோ இரக்கமோ எந்த இடத்திலும் கேட்கப்படவில்லை.

இரண்டாமவர் ஒரு மாளிகை கட்டினார். அந்த வீட்டில் பீப்பாய் என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்ததாக மருமகள் ஒருத்தி தன் தங்கைக்கு எழுதியிருக்கிறாள். மூன்றாமவருக்கு ஐந்து மகள்கள். வம்சப் படத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை, 'மகள்கள் ஐவர்' என்று ஒரு மூலையில் இருக்கிறது. அவர் செத்த மாதமே பட்டமும் மாளிகையும் தம்பியின் மகனுக்குப் போக, ஐந்து பேரும் பெட்டி கட்டினார்கள். அந்த நாலாமவர் குதிரைப் பந்தயத்தில் பாதி நிலத்தை விட்டார். ஐந்தாமவர் கல்யாணமும் ஆகாமல் பெரிய போரில் சேற்றில் செத்தார். ஆறாமவர் அவருடைய தம்பி. மாளிகையை விற்று, விற்றதையும் தின்று, யாரோ ஒருவருடைய வாடகை அறையில் முடிந்துபோனார். ஏழாமவர் பீற்றரின் அப்பா. ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்து, இந்த மாநிலத்தின் உட்பகுதியில் செம்மறிப் பண்ணைகளுக்கு வேலியடித்தவர். தான் யார் என்று குடித்தால் மட்டும் சொல்வாராம். அங்கே யாரும் நம்பவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பெட்டியில் இலங்கையைத் தேடினேன். இந்த ஏழு பேரில் ஒருவராவது மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம் வைத்திருந்தால், எங்கள் சனத்தின் முதுகில் ஏறி வாழ்ந்திருந்தால், எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். குற்றம் முழுவதையும் அதற்குள் போட்டு, மேலே கிறிஸ்மஸ் லைட்டைச் சுற்றி, திருப்பிக் கொடுத்திருப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏமாற்றமாக இருந்தது.

கிடைத்தது வேறு. பெட்டியின் அடியில் இரண்டு பிறப்புச் சான்றிதழும் ஒரு திருமணச் சான்றிதழும் ஒன்றாக மடித்து வைத்திருந்தன. முதலாவது பிறப்பு ஆலன், பீற்றரின் அண்ணன். அதே அப்பா, அதே அம்மா. ஆனால் ஆலன் பிறந்தபோது அவர்கள் இன்னும் கல்யாணம் கட்டவில்லை. அம்மாவுக்கு முதல் கணவரிடமிருந்து விவாகரத்துக் கிடைக்கத் தாமதமாகியிருக்கிறது. பிறகு கட்டினார்கள், பிறகு பீற்றர் பிறந்தார். அந்தப் பட்டத்தின் சட்டத்தில், பிள்ளை பிறந்தபிறகு நடந்த கல்யாணம் கணக்கில்லை. அப்பா செத்த அன்று பட்டம் மூத்தவனைத் தாண்டி இளையவனிடம் வந்து உட்கார்ந்தது. ஒரே குசினியில் ஒரே சட்டிக்குள் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பீற்றரிடம் ஒன்று கேட்டேன். லண்டனில் பிரபுக்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் அவருடைய பெயர் இல்லை. ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். அவர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே சொன்னார். விண்ணப்பிப்பதென்றால் அண்ணன் முறைப்படி பிறக்காதவன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். "அவன்தான் எனக்குக் கார் ஓடப் பழக்கினவன். ஒரு கடதாசிக்காக நான் அதை எழுதிக் குடுக்கமாட்டன்." ஆங்கிலத்தில் அவர் இதை இன்னும் சாதாரணமாகச் சொன்னார். ஆலன் செத்து மூன்று வருடமாகிறது. இன்னும் அவர் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஒரு மனிதர் தன் அண்ணனுக்காக வேண்டாம் என்று வைத்திருப்பதைத்தான் நீ பொன்னெழுத்தில் அடிக்கப் பார்க்கிறாய். எமிலி சிரித்துக்கொண்டு பகிடியாகச் சொன்ன விஷயம் அது. எங்கள் ஆட்களிடம் வந்தபிறகு அது பகிடியாக இருக்கவில்லை. உன் பிள்ளைக்கு வருமா என்று நீ இணையத்தில் தேடியதும் எனக்குத் தெரியும். நூலகக் கம்ப்யூட்டரில் தேடினால் மூடிவிட்டுப் போகவேண்டும். வராது. எமிலி பெண். ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் பீற்றரோடு முடிந்துவிடும்.

பீற்றர் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த பிஸ்கற்றை எடுத்துக்கொண்டு, உங்களுக்கும் ஒரு தம்பி இருக்கிறாராமே, மெல்பேர்னிலாமே, கல்யாணத்துக்கு வருகிறாரா என்று கேட்டார். நீ சொல்லியிருக்கிறாய். உனக்கு அப்படிச் சொன்னது நான். ஓம், மெல்பேர்ன்தான், வேலை கூட, லீவு கிடைக்குமோ தெரியாது என்று சொன்னேன். சரளமாக வந்தது.

ரவி மாமா மெல்பேர்னில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. பென்டில் ஹில்லில் இருக்கிறான். எங்கள் வென்ட்வேர்த்வில்லில் இருந்து அடுத்த ஸ்டேஷன்.

எங்கள் முதலியாரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். உன் அம்மப்பாவின், என் அப்பாவின், அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய கடதாசியை நீ பார்த்து வளர்ந்தாய். அவருடைய பூட்டன் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். வெள்ளைக்காரர் கேட்டதைத் தமிழிலும் சனங்கள் அழுததை ஆங்கிலத்திலும் சொன்னார். யாருக்கு எவ்வளவு நேர்மையாகச் சொன்னார் என்பதற்குச் சான்று இல்லை. அதற்காகத் தேசாதிபதி, அதாவது கவர்னர், முதலியார் என்ற பட்டத்தைக் கொடுத்தார். அந்தக் கடதாசி அதுதான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது அப்படியான நியமனங்களை நான் ஒரு கட்டுரைக்காகப் பார்த்தேன். அது அந்த ஆளுக்கு மட்டும் கொடுத்த மரியாதை. மகனுக்குப் போகாது. அவர் செத்த அன்று அதுவும் செத்தது. விதர்கோம் பிரபுவுக்காவது அரசரின் பத்திரம் இருந்தது. எங்களுக்கு அப்படி வாரிசுக்கும் சேர்த்து எழுதிய பத்திரம் இல்லை. நாங்களே எடுத்து நாங்களே போட்டுக்கொண்டோம், நாலு தலைமுறையாக. இது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது சொல்ல நினைத்தேன். அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. பிறகு நான் உன் அப்பாவைக் கட்டியதும் அந்தச் சொல்லின் விலையில்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதலியார் வீடு என்று சொல்வோம், கேட்கிறவர்களுக்கு விளங்கிவிடும். அந்த மாளிகையில் பீப்பாயைச் சொல்லாத மாதிரிதான்.

உன் அப்பா போனபிறகு அம்மப்பா எங்களோடு வந்து இருந்தார். ரவி கடைசிவரை வன்னியில் இருந்தவன். போர் முடிந்து, முகாமில் மலரைக் கட்டினான். மலரின் வீட்டார் எங்கள் ஆட்கள் இல்லை. முகாமுக்குள் அதை யார் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வாசலில் நின்றார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. நீ கிரிக்கெட் பிரக்டிஸுக்குப் போயிருந்தாய்.

அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. ரவியைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. இதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். இப்போது அவர் இல்லை, அவர் சொல்லித்தான் செய்தேன் என்று நான் எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. நானாகத்தான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். அப்பாவுக்கும் ரவிக்கும் எனக்கும் பீங்கான் கப் எடுத்தேன். உன் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய கடதாசிக் கப் அலுமாரியில் இருந்தது. மலருக்கு அதில் ஊற்றினேன். ஊரில் ஒரு காலத்தில் அப்படிப்பட்டவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். என் கை அதை ஞாபகம் வைத்திருந்தது, மூளை ஒரு பக்கம் நின்று பார்த்தது. குழந்தைக்கு எதில் கொடுப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். பாதி எங்கள் பிள்ளை அல்லவா. உன் டைனோசர் படம் போட்ட பழைய பிளாஸ்டிக் கப்பில் பால் கொடுத்தேன். அவர்கள் போனபிறகு அதைக் குப்பையில் போட்டேன். நீ இரண்டு நாள் தேடினாய்.

மலர் கப்பைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். கடதாசிக் கப்பில் கொதிக்கிற தேத்தண்ணியைப் பிடிப்பது சுலபமில்லை. விரலை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்து முடித்து, கப்பை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். எங்கள் வீட்டுக் குப்பைக்குக்கூட அதைத் தரவில்லை. ரவி எழும்பினான். "அப்ப நாங்கள் போட்டு வாறம், அக்கா" என்றான். பிறகு வரவில்லை.

போனில் மட்டும் கதைத்த மாமா எங்கே என்று நீ கேட்டபோது, மெல்பேர்னுக்குப் போய்விட்டார் என்றேன். நீ திரும்பத் திரும்பக் கேட்டாய், பிறகு கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்பதை நிறுத்தினால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க நமக்கு விருப்பம். நீங்கள் சம்பந்தம் பேச ஆரம்பித்தபிறகு நான் குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போகும்போதெல்லாம் ரயில் பென்டில் ஹில்லில் நிற்கும். நான் புத்தகத்தை விரித்துவிடுவேன். ஒரு நாள் நிமிர்ந்துவிட்டேன். ஸ்டேஷன் மேடையில் வேலைச் சப்பாத்தோடும் மஞ்சள் மேலங்கியோடும் ரவி நின்றான். தலை முன்பக்கம் வழுக்கை, அப்பாவுக்கு இருந்த மாதிரியே. பக்கத்தில் பள்ளி உடுப்போடு ஒரு பெரிய பிள்ளை எதையோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவள் உன் மச்சாள். பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்திருக்கவில்லை. ரயில் கிளம்பியது.

பீற்றரிடம் பொய் சொல்லிவிட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாதிரி அட்டையை எடுத்துக்கொண்டு பென்டில் ஹில்லில் இறங்கினேன். விலாசம் எனக்கு எப்போதும் தெரியும். வென்ட்வேர்த்வில் கடையில் மரக்கறி வாங்கினால் எல்லோருடைய விலாசமும் சேர்ந்து வரும். மலர் வந்து மரக்கதவைத் திறந்தாள். வலைக்கதவைத் திறக்கவில்லை. அவர் வேலைக்குப் போயிட்டார், என்ன விஷயம் என்று கேட்டாள். மகனுக்குக் கலியாணம், சொல்லிப்போட்டுப் போக வந்தனான் என்றேன். வலைக்கதவைக் கொஞ்சம் திறந்து அட்டையை வாங்கினாள். நிதானமாக வாசித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

"முதலியார் இன்னும் சாகேல்லையே, அக்கா?"

குரலில் கோபம் இல்லை. சுகம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள். அவள் அட்டையைத் திருப்பித் தந்தாள்.

"இந்தக் காட் எங்களுக்கில்லை. அவரைக் கூப்பிடுறதெண்டால் உங்கட மகன் வந்து கூப்பிடட்டும். மருமகனைப் பற்றி அவர் இப்பவும் கதைக்கிறவர். நீங்கள் வர வேண்டாம்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படியில்லை. தாய்மாமன் இல்லாத அழைப்பிதழைப் பார்த்துப் பீற்றர் இன்னொரு கேள்வி கேட்பாரே என்றுதான் போனேன். வலைக்கதவுக்கு முன்னால் நின்றபோது அந்தச் சொல் வாய்வரை வந்தது. சொன்னால் அவள் பதில் சொல்லவேண்டி வரும், உள்ளே கூப்பிடவும் வேண்டிவரும். அந்தச் சிரமத்தையும் அவளுக்கு நான் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன். பயத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அந்த அட்டையைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். பிரபு வரியையும் முதலியார் வரியையும் பேனாவால் வெட்டியிருக்கிறேன். நீ அவற்றைத் திரும்பப் போடலாம். உன் கல்யாணம், உன் காசு. அப்படிப் போட்டால் நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன். பின்வரிசையிலும் இருக்கமாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. தெரியாமல் அந்தச் சொல்லைத் தூக்கித் திரிந்தவர்கள் என் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும். தெரிந்துகொண்டு அதை ஒரு பெண்ணின் கையில் சூடாகக் கொடுத்தவள் நான். உனக்கும் இப்போது தெரியும். இனி நீ செய்வது தெரிந்து செய்வதுதான்.

வெட்டிய வரிகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். ரவி, மலர், அவர்களுடைய மகள் என்று மூன்று பெயர் வைக்கக்கூடிய இடம். அந்தப் பிள்ளையின் பெயரை நீதான் கேட்டு எழுதவேண்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டால் வெறுமையாகவே அச்சடி. யாராவது கேட்டால் காரணத்தைச் சொல்லு. பீற்றர் கேட்டால் முதலில் சொல்லு.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போ. காரில் போகாதே, ரயிலில் போ. எவ்வளவு கிட்ட என்று உனக்குத் தெரியவேண்டும். எமிலியைக் கூட்டிக்கொண்டு போகலாம், என் பெயரைக் கொண்டுபோகாதே. ஸ்டேஷனில் இறங்கி வடக்குப் பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் பச்சை வேலி போட்ட வீடு. உன்னை உள்ளே விடுவார்கள் என்று நினைக்கிறேன். மலர் மாமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தால் வாங்கு. எதில் ஊற்றித் தந்தாலும், எவ்வளவு சுட்டாலும், முழுவதையும் குடித்துவிட்டு வா.